செம்பரம்பாக்கம்: ஏரிக்கு மேற்கே மனையா, கரைக்குக் கிழக்கே மனையா?

ஏரி ஒன்றுதான், ஆனால் அதைச் சுற்றி விற்கும் மனைகள் இரண்டு வகை. மேற்கே இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம் பக்கம் இருப்பவை நீர் வந்து சேரும் பக்கத்து மனைகள். கிழக்கே மலையம்பாக்கம், நசரத்பேட்டை, குன்றத்தூர் பக்கம் இருப்பவை கரைக்குக் கீழே, ஒரு காலத்தில் இந்த ஏரியின் மதகுத் தண்ணீரில் நெல் விளைந்த பக்கத்து மனைகள். விளம்பரத்தில் இரண்டும் ‘ஏரி அருகே’ என்றுதான் வரும். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கிழக்கு. அதிலும் கலங்கல் ஓடையை, அதாவது ஏரியின் உபரிநீர் ஓடும் வழியை, விட்டு விலகிய மேட்டு நிலம்.

சாலை, வேலைவாய்ப்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேற்கே சிப்காட், ஹூண்டாய் ஆலை, பெங்களூரு நெடுஞ்சாலை. கிழக்கே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, பூந்தமல்லி, மெட்ரோ. பரந்தூர் விமான நிலையத்தை நம்பி மேற்கே விலை சொல்கிறார்கள். வரப்போகும் திட்டத்துக்கு இன்றே காசு கொடுப்பது அவரவர் துணிச்சல். அதை வைத்து இங்கே எதையும் எடைபோடவில்லை.

எடைபோட வேண்டியது மட்டத்தை. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி, ஆழம் 24 அடி. இந்த இரண்டும் மழைக்காலச் செய்திகளில் தினமும் வருபவை. மனை வாங்குகிறவருக்கு வேண்டிய எண் வேறு: முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 85.40 அடி, அதாவது சுமார் 26 மீட்டர். மேற்குப் பக்கம் கரை கிடையாது. தரை மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. சரிவு குறைவாக இருப்பதால் நீர்மட்டம் ஓர் அடி ஏறினாலே தண்ணீரின் விளிம்பு வெகுதூரம் உள்ளே வரும். ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்த புல்வெளியாகத் தெரியும் இடம் நவம்பரில் ஏரியாக இருக்கலாம். மனை பார்க்கக் கூட்டிப்போவதோ பெரும்பாலும் கோடையில்தான்.

ஆகவே மேற்கே வாங்க நினைப்பவர் முதலில் மட்டம் எடுக்க வேண்டும். கைபேசி காட்டும் உயரம் பல மீட்டர் தவறும். டிஜிபிஎஸ் என்ற செயற்கைக்கோள் அளவைக் கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது நேரடியாகத் தருவது கடல் மட்ட உயரம் அல்ல, பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். சென்னைப் பகுதியில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதைத் திருத்தாமல் எழுதிய அறிக்கையால் பயனில்லை. நம்பகமான வழி பழைய வழிதான். மட்டம் தெரிந்த ஒரு பெஞ்ச் மார்க்கிலிருந்து ஆட்டோ லெவல் வைத்து மனை வரை மட்டத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பவும் மட்டம் எடுத்து முடித்தால்தான் பிழை எவ்வளவு என்று தெரியும். மனையின் தரை 27.5 மீட்டருக்குக் கீழ் வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். 26-க்கும் 27.5-க்கும் இடையே உள்ள அந்த ஒன்றரை மீட்டர், அலைக்கும், திடீர் வரத்துக்கும், அளவைப் பிழைக்கும்.

மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். நீர்ப்பரப்புக்குள் இருக்கும் இடத்தை உயர்த்தினாலும் அது நீர்நிலைதான். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்துக்கு உங்கள் தரை மட்டம் பொருட்டல்ல, புல எண்தான் பொருட்டு. எனவே பட்டாவோடு நிற்காமல் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (புல எண்ணின் அளவை வரைபடம்) எடுங்கள். இரண்டும் வருவாய்த்துறையின் இணைய சேவையிலேயே கிடைக்கும். அ-பதிவேட்டில் ஏரி, உள்வாய் (ஏரி நிறையும்போது நீர் நிற்கும் உட்பரப்பு), நீர்ப்பிடிப்பு, மேய்க்கால், ஓடை, வாய்க்கால் என்று எது இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். மனை எண்ணுக்கு மட்டும் பார்த்தால் போதாது. அடுத்தடுத்த புல எண்களுக்கும், மனைப்பிரிவுச் சாலை கடக்கும் எண்களுக்கும் பாருங்கள். மனை சுத்தமாக இருந்து, அதற்குப் போகும் 30 அடிச் சாலை ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் இருந்தால் பாதை இல்லாத மனையாகிவிடும்.

இதன் விளைவு விற்கும்போதுதான் முழுதாகத் தெரியும். நடுத்தர விலை மனையை வாங்க வருபவர் பெரும்பாலும் வங்கிக் கடனோடு வருபவர். வங்கியின் வழக்கறிஞர் 30 ஆண்டு வில்லங்கம், மூல ஆவணம், அங்கீகார எண் கேட்பார். மதிப்பீட்டாளர் புலப்படத்தைப் பார்ப்பார். புலப்படத்தில் கால்வாய்க் கோடு ஓடினால் கடன் நின்றுவிடும். பிறகு ரொக்கமாக வாங்குபவரை மட்டும் தேட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. 20.10.2016-க்கு முந்தைய அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த வழி தந்தார்கள். நீர்நிலையில் விழும் மனைக்கு அந்த வழி இல்லை.

கிழக்குப் பக்கத்துக்கு வருவோம். இங்கே ஏரிக்கும் மனைக்கும் நடுவே கரை நிற்கிறது. எல்லை எது என்ற குழப்பம் குறைவு. வெள்ளம் எந்த வழியாக வரும் என்பதும் தெரியும். உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகத் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் விநாடிக்கு 29,000 கன அடி வரை அந்த வழியில்தான் போனது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி 22 அடியை எட்டியதும் 1,000 கன அடியில் திறக்கத் தொடங்கினார்கள். ஓடைக்கரை ஊர்களில் மனை பார்ப்பவர் 2015-ல் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவர்க் கறையிலும், அக்கம்பக்கத்தில் நாலு பேரிடமும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் வெள்ளத்தையும் இந்த ஏரியின் கணக்கில் சேர்க்கிறார்கள். அது தவறு. அங்கே வருவது ஆதனூர் பக்கத்து ஏரிகளின் நீர்.

கிழக்கின் குறை மண். பழைய நஞ்சையில் களிமண், கோடையில் வெடித்து மழையில் உப்பும். மழைக்காலத்தில் மூன்று நான்கு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. சாதாரண அடித்தளம் போட்டால் சில ஆண்டுகளில் சுவரில் மூலைவாட்டில் விரிசல் விழும். மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அண்டர் ரீம்டு பைல் (அடிப்பகுதி விரிந்த அடித்தளத் தூண்) போடுங்கள். மனையை உயர்த்தும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு கிரவுண்டை, அதாவது 2,400 சதுர அடியை, 3 அடி உயர்த்த 7,200 கன அடி, அதாவது 72 யூனிட். அமுங்குவதற்காகக் கால் பங்கு சேர்த்தால் 90 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் 30 நடை. ஓரடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்டி உருட்டினால் அடிமண் இறுகாது. பிறகு போர்டிகோ தரைதான் முதலில் இறங்கும். இத்தனை செலவு சேர்த்தும் கிழக்கையே சொல்கிறோம். மண்ணின் குறையைப் பணத்தால் சரிசெய்யலாம், அ-பதிவேட்டில் இருக்கும் ‘உள்வாய்’ என்ற சொல்லை அப்படி மாற்ற முடியாது.

தண்ணீருக்கு வருவோம். ஏரித் தண்ணீர் நல்லது என்பதால் ஏரியோரத்து மனையின் தண்ணீரும் நல்லது என்று எண்ணுவது பரவலான தவறு. மழைநீரும் பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் சேரும் ஏரி அது. அந்த நீர் 530 எம்எல்டி (நாளுக்கு 53 கோடி லிட்டர்) சுத்திகரிப்பு நிலையம் வழியாக நகருக்குப் போகிறது. கரையோர மனைக்குக் கிடைப்பது போர் தண்ணீர். கிழக்கே கரையின் கசிவு நிலத்தடி நீரைப் புதுப்பிக்கிறது. அதனால் கரையை ஒட்டிய போர்களில் உப்பு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கீழே இருப்பது களிப்பாறை. நீர் சுரப்பு குறைவு, இடத்துக்கு இடம் மாறும். தொழிற்பேட்டை அருகே என்றால் வழக்கமான சோதனையோடு குரோமியம், நிக்கல், காரீயம் போன்ற உலோகங்களுக்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

சோதனையை முறையாகச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு போரை அரைமணி நேரம் ஓடவிட்டு மாதிரி எடுக்க வேண்டும். வேதியியல் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டியில் அன்றே சேர்க்க வேண்டும். மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. இந்தியத் தரநிலைப்படி டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை. அதே அலகில் கடினத்தன்மை 200, உச்சம் 600. நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. இரும்புக்கு வீட்டுச் சோதனை போதும். வெள்ளை வாளியில் இரவு முழுக்க வைத்தால் காலையில் செம்பழுப்பாக அடியில் படியும்.

நைட்ரேட்தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தலைவலி. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி இடைவெளி வேண்டும். 30-க்கு 40 மனையின் மூலைவிட்டமே 50 அடிதான். பாதாளச் சாக்கடை இல்லாத அரைக் கிரவுண்டு மனைப்பிரிவில் இந்த இடைவெளிக்கு இடமே இல்லை. பக்கத்து வீட்டுக் குழியும் சேர்ந்துகொள்ளும். நைட்ரேட் காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஆர்ஓ வைத்தால் குறையும், ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு போகும். போர் போடும்போது மேல் 8, 10 மீட்டருக்குக் கேசிங் இறக்கி, வெளி இடைவெளியைச் சிமெண்ட் பாலால் அடைத்து, குழாயைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி நிறுத்தினால் மேல்நீர் இறங்குவது பெருமளவு தடைபடும். பல இடங்களில் கேசிங்கைச் சுற்றி மண்ணைத்தான் தள்ளுகிறார்கள், பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

உறிஞ்சுகுழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் 2 மீட்டர் இருக்க வேண்டும். கிழக்கின் தாழ்ந்த நஞ்சையில் அது நடக்காது. அங்கே நீர்புகாத தொட்டிதான் வழி. மழைக்காலத்தில் கழிவுநீர் லாரி எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்பதை மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சாய்வு கிழக்கின் மேட்டு நிலத்துக்கு மட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புழல் பக்கம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் செங்குன்றம் (புழல்) ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கிராமப் பட்டியலில் உங்கள் மனை வருகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சிஎம்டிஏவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே முழு நீர்மட்டம் 50.20 அடி. மட்டம் எடுக்கும் முறை இதே முறைதான்.