ரோஸ்ஹில்லில் ஓர் உயர்கல்வி ஆலோசனை நிலையம்: ஒரு மதிப்பீடு

மொரிஷியஸ் பிள்ளைகள் எச்எஸ்சி என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்ததும் பிரான்ஸ், பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்குப் படிக்கச் செல்வதால், அவர்களுக்கு வழிகாட்டும் நிலையங்களும் இங்கே பெருகியுள்ளன. அவற்றுள் ரோஸ்ஹில்லில் இயங்கும் ஒன்றுக்குப் பதினோராம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளை அழைத்துச் சென்றிருந்தேன்.

எந்த நாடு, எவ்வளவு செலவு என்ற கேள்விகளோடு தொடங்காமல், துறையை முடிவுசெய்யும் காலமே நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதை ஆலோசகர் முதலில் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் என்னும் பொது விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகளையே தேர்ந்தெடுக்க முடியும். அவற்றில் மருத்துவத்துக்கு நான்குக்கு மேல் கேட்க முடியாது. எந்தத் துறை என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலோ பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டின் இறுதிவரை அதற்கு அவகாசம் கிடைக்கிறது. பிரான்சின் பள்ளி மாணவர்கள் 2018 முதல் பார்கூர்சுப் என்னும் உயர்கல்விச் சேர்க்கை இணையதளத்தில் தங்கள் விருப்பங்களைப் பதிகிறார்கள். இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர நீட் தேர்வில் தேறியாக வேண்டும்.

நம் தீவிலோ, பன்னிரண்டாம் வகுப்பில் நுழையும்போதே மூன்று முதன்மைப் பாடங்களை எடுக்க வேண்டியிருப்பதால், துறையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அன்று வேதியியலை விட்ட பிள்ளைக்குப் பின்னாளில் மருத்துவமும் மருந்தியலும் எட்டாமற்போவதைப் பெற்றோர் பலர் காலம் கடந்தே உணர்கிறார்கள்.

அடுத்து ஆலோசகர் செய்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூன்று துறைகளின் முதலாண்டுப் பாடத்திட்டங்களை அச்சிட்டுக் கொடுத்து, அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். வீட்டில் எல்லோரும் விரும்பிய மருந்தியலை மளமளவென்று படித்து முடித்தவள், உணவூட்டவியல் தாளில் நின்று, "மாமா, இதற்கும் வேதியியல் வேண்டுமா?" என்று என்னிடம் கேட்டாள். வேண்டும் என்று பதில் சொன்ன ஆலோசகர், அந்தத் தாளை மட்டும் அவளிடமே விட்டுவிட்டார்.

குறையும் உண்டு, அது சிறியதன்று. அரசுப் பல்கலைக்கழகங்களில் 2019 முதல் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லாதிருந்தும், ரெதுயியில் உள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றி நாங்களாகக் கேட்ட பிறகே ஓரிரு வாக்கியம் பேசினார்கள். முதல் சந்திப்புக்கு அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தரும் தரகுத்தொகைதான் வருமானம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆயினும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று, உள்ளூரிலேயே கிடைக்கும் படிப்பை அறியாமல் கடன் கணக்கோடு வெளியே வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதினோராம் வகுப்பு முடியும் முன்பே செல்வது நல்லது. பாடங்களை எடுத்தபின் போனால் இந்த ஆலோசனையில் பாதி பயன்படாது. உள்ளூர்ப் படிப்புகளின் விவரங்களைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுப் பெற்றுக்கொண்டு செல்லுங்கள். முன்பதிவு செய்யும்போதே முதலாண்டுப் பாடத்திட்டங்கள் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். எல்லா ஆலோசகர்களும் தாமாக அவற்றை எடுத்துக் கொடுப்பதில்லை.