மூன்று ஆண்டுகள் ஓட்டிய சஸ்பென்ஷன் செட்: ஷாக் அப்சார்பர்களும் 16 நைலான் புஷ்களும்

சென்ற வாரம் என் பந்தய குவாட்டில் (நான்கு சக்கர மண்தட வண்டி) முன்சக்கரங்களைச் சட்டகத்தோடு இணைக்கும் ஏ-ஆர்ம்கள் நான்கையும் கழற்றி மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். "நீங்கள் போட்டிருக்கும் அதே செட்டை நானும் வாங்கலாம் என்று இருக்கிறேன், வாங்கலாமா?" என்பதுதான் கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்ல முயன்றேன். எழுதிய ஒவ்வொரு வரியும் பாதி உண்மையாகவே இருந்தது. ஆகவே அவருக்காகவும், இதே செட்டை வாங்க எண்ணும் மற்றவர்களுக்காகவும் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது முன்பக்கத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர்கள், பின்பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் அகலமாகவும் 1 அங்குலம் முன்தள்ளியும் சக்கரத்தை நிறுத்தும் ஏ-ஆர்ம்கள், அவற்றுக்கேற்ற நீளமான டை ராடுகள் (சக்கரத்தைத் திருப்பும் தண்டுகள்), பிரேக் ஹோஸ்கள் ஆகியவை அடங்கிய முழு செட். வண்டி 450 சிசி வகை. பழைய, குறுகிய அகல மாடல் என்பதால்தான் இவ்வளவு அகலம் கூட்டினேன். மோட்டோகிராஸ் பந்தயங்களில் மொத்த அகலத்துக்கு 50 அங்குலம் என்ற வரம்பு உண்டு என்பதால், ஏற்கெனவே அகலமாக வரும் புதிய மாடல்களை வைத்திருப்பவர்கள் வண்டியை அளந்து பார்க்காமல் இந்த அளவை வாங்கக் கூடாது.

முதலில் ஷாக் அப்சார்பர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுக்கு நான் ஒரு காலத்தில் அநியாயம் செய்திருக்கிறேன். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் அணிந்த நிலையில் என் எடை, நான் ஓட்டும் தடத்தின் தன்மை, ஏ-ஆர்மின் நீளம் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப ஸ்பிரிங்கும், உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகளான ஷிம்களும் தேர்ந்து கட்டப்பட்டவை இவை. அகலமான ஆர்ம் என்றால் சக்கரத்துக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. சக்கரம் அதே தூரம் எழும்பும்போது ஷாக் குறைவாகவே அமுங்குகிறது. அந்தக் குறைந்த ஓட்டத்துக்குள் அதே வேலையை முடிக்கக் கடினமான ஸ்பிரிங்கும், துள்ளலை அடக்கும் எதிர்ப்பான டேம்பிங் வேறு அளவிலும் தேவைப்படுகின்றன. இந்தக் கணக்கைச் செய்தவர்கள் கவனமாகச் செய்திருக்கிறார்கள். திருப்பத்துக்கு முன் பிரேக் பிடிக்கும் இடத்தில் வரிசையாக எழும் மேடுகளில், முன்பு ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தே முன்னங்கை மரத்துப்போகும். இந்த ஷாக்குகளைப் பூட்டிய முதல் நாள், ஆறாவது சுற்றில்தான் நான் விரல்களைத் தளர்வாக வைத்திருப்பதையே கவனித்தேன். மேசைபோல் தட்டையான உச்சியுள்ள தாவல் மேட்டைத் தாண்டிச் சமதரையில் விழுந்தாலும் வண்டி ஒருமுறை அமர்ந்து எழும். இரண்டாவது முறை துள்ளாது. மூன்று ஆண்டுகளில் எண்ணெய் ஒருமுறை கசியவில்லை. ரிசர்வாயரில் நைட்ரஜன் அழுத்தம் குறையவில்லை. சுமார் 40 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும்.

ஏ-ஆர்ம்களின் உலோகவேலையும் குறை சொல்ல முடியாதது. 4130 குரோம்-மாலி குழாய், சீரான வெல்டிங், நிறம் உரியாத பூச்சு, மேல் ஆர்மில் கேம்பரை (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) தனியே சரிசெய்யும் வசதி என எல்லாம் இருக்கின்றன. ஒருமுறை இன்னொரு வண்டியின் சக்கரத்தோடு பலமாக மோதியும் ஆர்ம் வளையவில்லை. டை ராடின் முனை மட்டும் வளைந்தது, அதுதான் முதலில் வளைய வேண்டியதும்கூட.

இனி என் பொறுமையைத் தின்ற விஷயத்துக்கு வருகிறேன். வாங்கி நான்கு மாதம் வெயில் காலம். எந்தக் குறையும் இல்லை. மழை தொடங்கிய பிறகு முன்பக்கம் மெல்ல மெல்ல இறுகியது. பெரிய தாவல்களில் வித்தியாசம் தெரியவில்லை, சின்னச் சின்னக் குலுக்கல்கள் மட்டும் நேராக மணிக்கட்டுக்கு வந்தன. குறைவேகக் கம்ப்ரஷன், அதாவது ஷாக் மெதுவாக அமுங்கும்போது தரும் எதிர்ப்பு, அதிகமாக இருக்கும்போது கை உணர்வது ஏறத்தாழ இதே கடினத்தைத்தான். அதனால் அதைக் குறைக்க, 12 கிளிக்கில் இருந்த திருகை 18-க்குத் திறந்தேன். பிறகு முழுவதும் திறந்தேன். போதாதென்று, ஷாக்கில் அடுக்காக இருக்கும் ஸ்பிரிங்குகளில் நடுவில் உள்ளதை மென்மையானதாக மாற்றினேன். ஈரமான நாளில் ஓரளவு ஓட்ட முடிந்தது. அடுத்த வாரம் வெயில் அடித்துத் தடம் காய்ந்ததும் அதே வண்டி திருப்பத்தில் மூக்கைக் கவிழ்த்தது, தாவலில் அடிமட்டம் வரை போய் இடித்தது. மண்தான் காரணம் என்று நம்பி, குறிப்பேட்டில் மழைக்கு ஒரு செட்டிங், வெயிலுக்கு ஒரு செட்டிங் என்று இரண்டு பத்திகள் எழுதிவைத்தேன். ஒரு பருவம் முழுவதும் அந்த இரண்டு பத்திகளை நம்பியே ஓட்டினேன். ஷாக்குகளைக் கழற்றிச் சரிபார்க்க அனுப்பினேன்; திறந்து பார்த்தவர் ஷிம், சீல், எண்ணெய், அழுத்தம் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதித் திருப்பி அனுப்பினார். அவர் சரியாகத்தான் சொன்னார். ஏற்க எனக்குத்தான் மனமில்லை.

உண்மை வெளிப்பட்டது ஓர் அளவெடுப்பில். வண்டியின் மேல் ஆள் அமர்ந்த நிலையில் முன்பக்கத்தைத் தூக்கி மெதுவாக இறங்கவிட்டுச் சட்டகத்தின் உயரத்தை அளந்தேன். பிறகு அழுத்திப் பிடித்து மெதுவாக எழவிட்டு மறுபடி அளந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு 21 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. இடையில் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தையும் எடுத்துவிட்டு, ஏ-ஆர்மைக் கையால் தூக்கி விட்டேன். தன் எடையாலேயே சட்டென்று கீழே விழ வேண்டிய ஆர்ம், நான் விட்ட இடத்திலேயே நின்றது. நான்கும் அப்படியே நின்றன.

ஆர்ம் சட்டகத்தோடு சேரும் இடங்கள் எட்டு. ஒவ்வொன்றிலும் போல்ட் நுழையும் ஓர் எஃகுக் குழலும் (ஸ்லீவ்), அது சுழல அதைச் சுற்றி இரண்டு வளைய உறைகளும் (புஷ்) என மொத்தம் 16 புஷ்கள். கட்டைவிரல் முனை அளவுள்ள இவை நைலானில் செய்யப்பட்டிருந்தன. நைலான் தண்ணீரை உறிஞ்சும் பொருள். நன்றாக ஊறினால் தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்குக்கூட நீரை ஏற்றுக்கொண்டு பருக்கும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கோ 1 விழுக்காட்டைக்கூட எட்டாது. புஷ் பருக்கும்போது வெளியே எஃகுக் குழாய் தடுக்கிறது. ஆகவே உள்துளை சுருங்கி ஸ்லீவைக் கவ்விக்கொள்கிறது. புஷ்ஷை அழுத்தி நுழைக்கும்போதே துளை சற்றுச் சுருங்கும் என்பதால், நுழைத்த பிறகு ரீமர் என்ற துளை சீராக்கும் கருவியைப் போட்டுத் துளையைத் திருத்த வேண்டும்; அதையும் செய்திருக்கவில்லை. இன்னும் ஒன்று: ஸ்லீவ் இருபுறமும் புஷ்ஷைவிட மயிரளவு நீண்டிருந்தால்தான் போல்ட்டை முறுக்கும்போது சட்டகம் ஸ்லீவை மட்டும் பிடிக்கும், புஷ் தளர்வாகச் சுழலும். என் ஸ்லீவ்கள் புஷ்களோடு சமமாக இருந்தன. உலர்ந்த நாளில் சமம். ஊறிய நாளில் புஷ் நீண்டு சட்டகத்தின் காதுகளுக்கு இடையே நெரிந்தது.

கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் பராமரிப்பு எளிது என்று எண்ணி வாங்கினேன். ஆனால் புஷ்ஷின் உட்புறத்தில் கிரீஸ் ஓட ஒரு காடிகூட வெட்டப்படவில்லை. மழை நாளுக்குப் பிறகு கிரீஸ் கன்னின் கைப்பிடி அசைய மறுக்கும். கிரீஸ் நிறைந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்ட அந்த அடையாளம், உண்மையில் கிரீஸ் போக வழியே இல்லை என்பதற்கானது. பந்தயம் முடிந்ததும் அழுத்த நீரால் வண்டியைக் கழுவும் நம் அனைவரின் பழக்கமும் சேற்றுநீரை அந்த இடுக்குக்குள் கொண்டுசேர்த்தது.

செட்டைச் செய்தவர்களுக்கு அளவுகளோடும் படங்களோடும் எழுதினேன். இரண்டே நாளில் மரியாதையான பதில் வந்தது. கட்டணமின்றி முழு புஷ் செட்டும் வந்தது. அதற்கு நன்றி. ஆனால் வந்தவை அதே நைலான், அதே அளவு. ஏழு மாதத்தில் அவையும் இறுகின. மறுபடி எழுதினேன், மறுபடி இலவசமாக அதே புஷ்களை அனுப்பினார்கள். ஒரு குறையைக் கேட்டறிந்து, ஒப்புக்கொண்டு, அதே குறையைப் பொட்டலம் கட்டித் திரும்ப அனுப்புவதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் ஒரு லேத் பட்டறையில் கருப்பு அசிட்டால் தண்டிலிருந்து 16 புஷ்களைக் கடைந்து வாங்கினேன். உட்புறத்தில் சுருள் காடி வெட்டச் சொன்னேன். ஸ்லீவ்களையும் ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் நீண்டிருக்கும்படி புதிதாகச் செய்யச் சொன்னேன். நுழைத்த பிறகு ரீமர் போட்டு, தண்ணீரைத் தாங்கும் கிரீஸ் தடவிப் பூட்டினேன். 21 மில்லிமீட்டர் வித்தியாசம் 5 ஆனது. முதலில் ஷாக்கோடு வந்த நடு ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, கிளிக்கை 12-க்கே கொண்டுவந்தேன். மழையிலும் வெயிலிலும் அதுவே இன்றுவரை சரியாக இருக்கிறது. சென்ற வாரம் ஏ-ஆர்ம்களைக் கழற்றியது பதினோரு மாத ஓட்டத்துக்குப் பிந்தைய சோதனைக்காக. புஷ்கள் கருத்து மின்னின. ஸ்லீவ்கள் விரலால் தள்ளினாலே நகர்ந்தன. இன்று என் வண்டியின் முன்பக்கம் இருக்கும் நிலையில், இதைவிட நல்ல சஸ்பென்ஷனில் நான் ஓட்டியதில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இருந்தும் நண்பருக்கு நான் அனுப்பிய பதில், வாங்க வேண்டாம் என்பதே. அவர் அனுப்பிய உதிரிபாகப் பட்டியலைப் பார்த்தேன்: புதிய வடிவம், புதிய நிறம், மேம்படுத்தப்பட்டது என்ற அறிவிப்பு, அதன் கீழே அந்தப் புஷ்ஷுக்கு அதே பழைய எண். ஷாக்கை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. அதன் நீளமும் ஸ்பிரிங்கும் அந்த ஆர்மின் அளவுக்கே கட்டப்பட்டவை, தொழிற்சாலை ஆர்மில் பொருந்தாது. இவ்வளவு சிறந்த ஷாக்கை இந்தப் புஷ்ஷோடு கட்டிப்போட்டு விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தோடேயே இந்த முடிவைச் சொல்கிறேன். வண்டியோடு வந்த ஷாக்குகளைத் தன் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, உள்ளே ஷிம் மாற்றி ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் அவருடைய தொழிற்சாலை ஏ-ஆர்ம்களையும் ஷாக் போல்ட்டைக் கழற்றிவிட்டுத் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து அதைச் செய்யப்போகிறோம்.