காப்பர் காயிலா, அலுமினியமா? ஒரு ஏசி பிராண்டை நான் ஏன் விட்டேன்
ஏசி மாட்டிப் பழுது பார்ப்பது என் தொழில். காயில் என்பது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்; அது அலுமினியமாக இருக்கும் ஏசிதான் விலை மலிவு, எடையும் குறைவு, மூன்றாம் மாடிக்குத் தூக்கும் பையன்களுக்கு அதுவே பிடிக்கும். ஆனால் சென்னைக் கடலோரத் திருவான்மியூர் பக்கத்து உப்புக் காற்றில் ஊசிமுனை ஓட்டை விழுந்து கேஸ் இறங்கிவிட்டால், காப்பர் என்றால் அங்கேயே பற்றவைத்து, நைட்ரஜன் விட்டுக் கசிவு பார்த்து, வேக்குவம் போட்டு உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டு, ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸை நிரப்பிவிடுவேன். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், பற்றவைப்பது சூதாட்டம்தான், பெரும்பாலும் காயிலையே மாற்ற வேண்டியிருக்கும். காப்பரும் சாகாவரம் வாங்கி வரவில்லை, அதன் மேலுள்ள தகடுகள் அலுமினியம்தானே, அவை பொடிந்துவிடும்.

சரி, அதற்காகவா பிராண்டையே விட்டேன்? இல்லை. அந்த பிராண்டிடம் வாரண்டியில் காயில் கேட்டால் வர ஒன்றரை மாதம், அதுவும் சித்திரை வெயிலில், திட்டு வாங்குவது நான். இப்போது நான் மாட்டும் வேறு பிராண்ட் விலை கொஞ்சம் கூட, ஆனால் உதிரிபாகம் இரண்டு நாளில் கைக்கு வருகிறது.