சுவரோரக் கியூக்களோடு சேர்ந்து நிற்கும் ஒரு கியூ: ஸ்னீக்கி பீட்டோடு ஒரு வருடம்

போன வருடம் 180 டாலர் கொடுத்து ஒரு ஸ்னீக்கி பீட் வாங்கினேன். பூல் என்கிற மேஜைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் கோலுக்குக் கியூ என்று பெயர், இது அதில் ஒரு வகை. பாரில் சுவரோரம் மாட்டி வைத்திருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம் என்கிற பொதுக் கியூ இருக்கிறதல்லவா, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் திருகிக் கழற்றினால் இரண்டு துண்டு. ஒரு காலத்தில் அமெரிக்க பார்களில் பணம் வைத்து ஆடியவர்களுக்கு இது தேவைப்பட்டது, ஏனென்றால் பையிலிருந்து சொந்தக் கியூவை எடுத்துப் பூட்டுகிறவனோடு யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

நான் பந்தயம் கட்டுவதில்லை. புதன்கிழமை வேலை முடிந்து சிகாகோவில் எங்கள் தெருமுனை பாருக்குப் போவேன், அங்கே ஒரே ஒரு ஏழடி டேபிள், காசு போட்டால் பந்து விழும் வகை. அடுத்து ஆட நினைப்பவர் டேபிள் விளிம்பில் ஒரு குவார்ட்டர் நாணயம் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஜெயித்தவர் டேபிளிலேயே நிற்பார். முன்பு என்னிடம் இருந்த கியூவில் பிடியில் லினன் நூல் சுற்றியிருக்கும், முத்துச்சிப்பி பதித்திருக்கும், தோல் பெட்டி வேறு. அதைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர்களின் முகம் மாறிவிடும், ஒருமுறை ஒரு பெரியவர் வைத்த நாணயத்தை எடுத்துக்கொண்டே போய்விட்டார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நான் அங்கே போவதே நாலு பேரோடு ஆடத்தான்.

சரி, கியூவுக்கு வருவோம். பொதுக் கியூவைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அடிப்பாகத்தில் மேல்நோக்கிக் கூர்கூராக ஏறும் நான்கு கருப்பு முனைகள். வெளிர் மேப்பிள் மரத்தையும் கருத்த மரத்தையும் விரல்கள் கோத்த மாதிரி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டியிருப்பார்கள், அதற்கு ஃபுல் ஸ்ப்ளைஸ் என்று பெயர். நல்ல ஸ்னீக்கி பீட்டிலும் அதே வேலைதான், முனைகளை மேலே ஒட்டவோ வரையவோ கூடாது. சிலர் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் பழைய டைட்டிலிஸ்ட் பொதுக் கியூவையே நடுவில் அறுத்து, திருகு வைத்து இரண்டு துண்டாக்கிக்கொள்வார்கள், அதைவிட அசல் வேஷம் கிடையாது.

ஆனால் முனைகள் எளிய பகுதி. எல்லாமே இரண்டு துண்டும் சேரும் ஜாயின்ட்டில்தான் இருக்கிறது. சாதாரண இரண்டு துண்டு கியூவில் இணைப்பில் ஒரு உலோக வளையமோ கருப்பு வளையமோ இருக்கும், பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இதில் வளையமே கிடையாது, மரத்தோடு மரம் நேராக உட்காருகிறது. 58 அங்குலக் கியூவின் நடு, அதாவது 29 அங்குலத்தில் வெட்டு வருவதால் அது கருப்பு முனைகளுக்கு மேலே வெறும் மேப்பிளில் விழுகிறது, இரண்டு பக்கமும் ஒரே நிறம். தயாரித்தவர் அக்கறை எடுத்து, மர ரேகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி துண்டுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் முடியளவு கோடுதான் மிஞ்சும். என்னுடையதில் ரேகை ஒரு பக்கம் பொருந்துகிறது, திருப்பினால் பொருந்தவில்லை. மங்கலான பார் வெளிச்சத்தில் யாரும் கவனித்ததில்லை.

உண்மையில் காட்டிக்கொடுப்பது சுத்தம். பொதுக் கியூவின் முன்பகுதி நுனியில் தேய்க்கும் சாக்கின் பல வருடப் பொடியும் கை வியர்வையும் ஏறி நீலம் பாரித்துக் கிடக்கும், உடம்பெல்லாம் டேபிள் விளிம்பில் இடித்த பள்ளம். புதுக் கியூவோ கண்ணாடி மாதிரி மின்னும். நான் பிடிப் பகுதியை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மினுக்கத்தைக் குறைத்தேன், முன்துண்டான ஷாஃப்ட்டை மட்டும் சுத்தமாகவே வைத்துக்கொள்கிறேன், அதில் விரல் வழுக்க வேண்டும். அப்புறம், இதில் கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் மாட்டாதீர்கள். ஆட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் அந்தக் கருப்புக் குழாயைப் பார்த்த பிறகு பொதுக் கியூ என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆடும்போது எப்படி? அருமை. 19 அவுன்ஸ், பந்தைத் தொடும் நுனியான டிப் 13 மில்லிமீட்டர், ஒவ்வொரு வாரமும் அதே எடை, அதே நேர்க்கோடு. சுவரில் இருப்பவற்றில் ஒன்று கனமாக, ஒன்று வாழை மாதிரி வளைந்து, டிப் தட்டையாகிச் சாக் ஒட்டாமல் இருக்கும், வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடித்தால் வழுக்கிவிடும். இதில் ஓர அடி நம்பி அடிக்கலாம். காசு போடும் பழைய டேபிள்களில், குழியில் விழுந்தாலும் வெள்ளைப் பந்து மட்டும் தனியாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக அதை 2⅜ அங்குலத்தில் செய்திருப்பார்கள், மற்றவை 2¼. அந்தப் பெரிய பந்து மற்றதில் மோதியபின் பின்னால் உருண்டு வருகிற மாதிரி இழுக்க எந்தக் கியூவாலும் சிரமம்தான், ஆனால் பழகிய கியூ இருந்தால் எவ்வளவு கீழே அடிக்க வேண்டும் என்று கை கண்டுபிடித்துவிடுகிறது.

குறை இரண்டு. ஜனவரியில் வீட்டில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்ததில் மரம் சுருங்கி, ஜாயின்ட்டில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு விளிம்பு வந்துவிட்டது. வளையம் இல்லாததற்குக் கொடுக்கும் விலை இது, இரண்டு துண்டும் தனித்தனியாகச் சுருங்கும், விரியும். மே மாதம் பெரும்பாலும் சரியாகிவிட்டது, முழுக்க இல்லை. தயாரித்த கடைக்கு எழுதினேன், பதிலே வரவில்லை. புது ஷாஃப்ட் தனியாக வாங்கினாலும் இதே மாதிரி பொருந்தாது, ஏனென்றால் இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இழைத்திருப்பார்கள்.

இரண்டாவது, வேஷம் அளவுக்கு மீறிப் பலித்துவிடும். மார்ச்சில் கை கழுவிவிட்டு வருவதற்குள் யாரோ என் கியூவை எடுத்து ஆடிக்கொண்டிருந்தார், முடிந்ததும் சுவரில் மாட்டியும் விட்டார். ஏழு கியூவில் என்னுடையது எது என்று ஒவ்வொன்றாக நடுவில் விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது எழுந்து போனால் கையோடு கொண்டுபோகிறேன்.

பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் 1985-ல் ஹூஸ்டனில் ரெட்ஸ் என்ற இடத்தில் நடந்த போட்டியில் சீசர் மொராலஸ் என்ற பெயரில் ஆடி ஜெயித்தார். பெயரையே மறைக்க வேண்டிய அளவு திறமை அவருடையது. எனக்கு வேண்டியது அடுத்தவர் நாணயம் விளிம்பிலேயே இருப்பது, அதை இந்தக் கியூ செய்து கொடுத்துவிட்டது. அந்தப் பெரியவர் இப்போது வாராவாரம் என்னோடு ஆடுகிறார், கியூ பற்றி இரண்டாவது வாரமே நானே சொல்லிவிட்டேன், வாங்கி ஜாயின்ட்டைத் தடவிப் பார்த்து ‘நல்ல வேலை’ என்றார்.

மெக்டெர்மட், பிரெடேட்டர் போன்ற பெரிய நிறுவனங்களும் ஸ்னீக்கி பீட் செய்கின்றன. எதை வாங்கினாலும் நேரில் போய், பூட்டிய நிலையில் கண்ணை மூடிக்கொண்டு நடுப்பகுதியை நகத்தால் கீறிப் பாருங்கள், பிறகு வளைவில்லாமல் இருக்கிறதா என்று மேஜை மேல் உருட்டிப் பாருங்கள். கடைக்காரர் உருட்ட விடவில்லை என்றால் வாங்காதீர்கள்.