லீஸ் கார்: "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி நான் இழந்தது

புதிய காரை லீஸுக்கு, அதாவது மாதத் தவணை கட்டிச் சில வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எடுக்க, யாராவது இந்த வாரம் ஷோரூம் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் மூன்று வருட ஒப்பந்தம் சென்ற மாதம்தான் முடிந்தது. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசிப் பைசா வரை கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன். டீலர் யார் என்று சொல்லப் போவதில்லை. அந்த ஒரு இடத்தைத் தவிர்த்தால் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு நடந்தது எந்த ஷோரூமிலும் நடக்கலாம்.

தொகைகளைப் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வரியைச் சேர்க்கவில்லை.

அன்று வேலை முடிந்து தனியாகத்தான் போனேன். எந்தக் கார், எந்த நிறம் என்பதையெல்லாம் முன்பே முடிவு செய்திருந்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலை 36,000. கொஞ்சம் குறைப்பீர்களா என்று நான் பேச்சை எடுத்ததுமே விற்பனையாளர் சிரித்தார்.

"மேடம், லீஸ்ல விலைங்கிறது ஒரு பேச்சே இல்ல. நீங்க காரை வாங்கவா போறீங்க? மாசம் எவ்வளவு கட்டினா உங்களுக்குச் சிரமம் இருக்காது, அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. 550க்கு மேல் முடியாது என்றேன். அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி மேனேஜரிடம் போனார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார். மாதம் 544, 36 மாதம். நான் சொன்னதைவிட 6 குறைவு. என் பழைய காருக்கு 3,600 தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதையும் சேர்த்துத்தான் இந்தத் தவணை என்றார். எனக்காக மேனேஜரிடம் போராடியிருக்கிறார் என்று நம்பி, நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். கணக்காளர் வேலை பார்ப்பவன், எந்தத் தாளைக் கொடுத்தாலும் படிப்பான். ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தவன் கேட்டான்: "ஏம்மா, காருக்கு எவ்வளவு விலைன்னு பேசி முடிச்சே?" விலை பேசவில்லை, தவணைதான் பேசினோம் என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பேனாவைக் கேட்டான்.

அவன் எனக்கு விளக்கியதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். லீஸ் தவணையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் ஓட்டும் காலத்தில் கார் இழக்கும் மதிப்பு. காரின் ஒப்பந்த விலையிலிருந்து (முன்பணமோ பழைய காரின் வரவோ இருந்தால் அதைக் கழித்த பிறகு), கடைசியில் அது என்ன மதிப்பு பெறும் என்று முன்கூட்டியே குறித்த மீத மதிப்பைக் கழித்து, மாதங்களால் வகுக்க வேண்டும். மற்றொன்று வட்டி.

மீத மதிப்பை, காரின் சொந்தக்காரரான நிதி நிறுவனம் ஸ்டிக்கர் விலையின் ஒரு சதவீதமாக நிர்ணயிக்கிறது. என் காருக்கு 60 சதவீதம், அதாவது 21,600. பொதுவாக அதில் பேரம் கிடையாது. ஒப்பந்த விலையில் கட்டாயம் பேரம் உண்டு. அதில் நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக உங்கள் தவணையில்தான் குறையும், மீத மதிப்பு நகராது. சொந்தமாக வாங்குபவர் பேரம் பேசுவதைவிட லீஸுக்கு எடுப்பவர் பேசுவது குறைந்த முக்கியத்துவம் உள்ளது என்பதே தவறு. "விலை ஒரு பேச்சே இல்ல" என்றவர் என்னிடமிருந்து முதலில் பறித்தது இதைத்தான்.

என் தாளில் ஒப்பந்த விலை 37,800 என்று இருந்தது. ஸ்டிக்கர் விலையைவிட 1,800 அதிகம்! பெயின்ட்டுக்குக் கோட்டிங், சீட் துணிக்குப் பாதுகாப்பு, ஏதோ ஒரு சர்வீஸ் திட்டம் எல்லாம் சேர்ந்திருந்தன. நான் எதையும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப் போகும் காருக்கு அவை எனக்கு எதற்கு? கீழே பழைய காருக்கான வரவு 1,800 என்று இருந்தது. 3,600 என்று சொன்னது பேச்சோடு போயிற்று. 37,800இல் 1,800 கழித்தால் சரியாக 36,000. என் பழைய காரைக் கொடுத்துவிட்டு, ஒரு பைசாகூடத் தள்ளுபடி இல்லாத ஸ்டிக்கர் விலையில் வந்து நின்றிருக்கிறேன்.

இப்போது வட்டி. இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லீஸில் பல இடங்களில் வட்டியைச் சதவீதமாகச் சொல்ல மாட்டார்கள். மணி ஃபேக்டர் என்று ஒரு குட்டித் தசம எண்ணைத் தருவார்கள். என் தாளில் 0.0025. அன்று நான் இதென்ன என்று கேட்டதற்கு, "ரொம்பச் சின்ன ரேட் மேடம், ரெண்டரைதான்" என்றார் விற்பனையாளர். ரெண்டரை சதவீதம் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த எண்ணை 2,400ஆல் பெருக்கினால்தான் வருட வட்டி தெரியும். 0.0025ஐப் பெருக்கிப் பாருங்கள், 6 சதவீதம்.

2,400 எங்கிருந்து வந்தது என்று அண்ணனைக் குடைந்தேன். மாத வட்டியைக் கணக்கிட அவர்கள் வரவு கழித்த ஒப்பந்த விலையையும் மீத மதிப்பையும் கூட்டி மணி ஃபேக்டரால் பெருக்குகிறார்கள். ஒப்பந்தக் காலத்தில் உங்கள் பெயரில் நிற்கும் சராசரிக் கடன் அந்தக் கூட்டுத்தொகையில் பாதி. அந்தப் பாதிக்காக ஒரு 2, வருடத்துக்கு 12 மாதம், சதவீதத்துக்கு 100. மூன்றையும் பெருக்கினால் 2,400. இவ்வளவுதான், இதில் மர்மம் எதுவும் இல்லை.

நிதி நிறுவனம் டீலருக்கு ஓர் அடிப்படை ரேட்டைத் தரும். அதற்கு மேல் டீலர் ஏற்றி விற்க முடியும், ஏற்றினால் அந்த வித்தியாசத்தில் அவருக்குப் பங்கு வரும். அண்ணனின் அலுவலக நண்பர் ஒருவர் அதே மாதம், அதே காரை, அதே நிதி நிறுவனத்தின் வழியாக வேறு ஷோரூமில் எடுத்திருந்தார். அவர் தாளில் 0.00125, அதாவது 3 சதவீதம். விலையிலும் 5 சதவீதம் குறைத்து 34,200க்கு முடித்திருந்தார்.

அண்ணன் இரண்டு கணக்கையும் அருகருகே எழுதினான். என்னுடையதில் மதிப்புக் குறைவு 14,400. 36ஆல் வகுத்தால் மாதம் 400. வட்டி, 36,000 கூட்டல் 21,600, அதாவது 57,600ஐ 0.0025ஆல் பெருக்கினால் 144. மொத்தம் 544. தாளில் இருந்த அதே எண்.

நண்பருக்குக் கிடைத்த விலையும் ரேட்டும் எனக்கும் கிடைத்து, பழைய காருக்குச் சொன்ன 3,600ஐ முழுதாகக் கொடுத்து, கேட்காத சாமான்கள் இல்லாமல் இருந்திருந்தால்? 34,200இல் 3,600 கழித்தால் 30,600. மதிப்புக் குறைவு 9,000, மாதம் 250. வட்டி 65.25. மொத்தம் 315.25.

மாதம் 228.75 வித்தியாசம். 36 மாதத்துக்கு 8,235. காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்த எண்ணை அண்ணன் வட்டமிட்டபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இந்த ஓட்டையை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 550 என்று நானே வாயைத் திறந்து அளவு கொடுத்தேன், அந்த அளவுக்குத் தைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாளே அண்ணனோடு ஷோரூம் போனோம். விற்பனையாளர் கண்ணில் படவில்லை. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கையெழுத்தைக் காட்டினார். 3,600 எழுத்தில் எங்கும் இல்லை. சர்வீஸ் திட்டத்தையாவது ரத்து செய்யுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகு அதில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். காரையே விட்டுவிடுகிறேன் என்றதற்கு, இடையில் முடித்தால் கட்ட வேண்டிய தொகையைச் சொன்னார்கள். மீதித் தவணை எல்லாவற்றையும் கட்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டிக்கொண்டே ஓட்டினேன்.

அப்புறம் கிலோமீட்டர். நான் வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஒப்பந்தத்தில் வருட வரம்பு 15,000 என்று போட்டிருந்தார்கள். முடிவில் 15,000 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் 0.15 வீதம் 2,250 கட்டினேன். கூடுதல் தூரத்தைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கினால் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே ஆகும். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு முடிப்புக் கட்டணம், இரண்டு டயரில் தேய்மானம், பம்பரில் ஒரு கீறல் என்று தனியாக ஒரு பில். அதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை, அவை ஒப்பந்தத்தில் இருந்தன. ஒப்படைப்பதற்கு முன் காரை நீங்களே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

முன்பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவணை குறையும் என்று ஆசை காட்டிப் பெரிய முன்பணம் கேட்பார்கள். கார் இரண்டாம் மாதமே விபத்தில் முழுதாகச் சேதமானால் காப்பீட்டுத் தொகை காரின் சொந்தக்காரரான நிதி நிறுவனத்துக்குத்தான் போகும். நீங்கள் கொடுத்த முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. பழைய காரை வரவு வைத்தாலும் இதே கதிதான். என்னால் முடிந்தால் இனி லீஸுக்கு முன்பணமே கொடுக்க மாட்டேன்.

இந்த மாதம் தம்பிக்குக் கார் பார்க்கிறோம். அவனுடைய பழைய காரை முதலில் தனியாக விற்றுவிட்டோம், அந்தப் பேச்சு லீஸோடு கலக்கவே கூடாது என்று. அடுத்து, ஐந்து ஷோரூம்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினோம். இந்த மாடல், 36 மாதம், வருடம் 20,000 கிலோமீட்டர், முன்பணம் இல்லை. ஒப்பந்த விலை, மீத மதிப்பு, மணி ஃபேக்டர், தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள கட்டணங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் தாருங்கள். இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒரு இடத்தில் "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்றார்கள். போனோம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் அந்த விற்பனையாளர் தம்பியைப் பார்த்து, "சார், மாசம் எவ்வளவு கட்டலாம்னு நினைக்கிறீங்க?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். "காரோட விலையை முதல்ல முடிப்போம், தவணையை நாங்களே கணக்குப் போட்டுக்கிறோம்" என்றேன். மணி ஃபேக்டரைக் கேட்டபோது அது கம்ப்யூட்டரில் வராது என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

மீதி இரண்டு இடங்களும் முழு விவரத்தையும் எழுதி அனுப்பிவிட்டன. ஒன்றில் விலை குறைவு, மற்றொன்றில் ரேட் குறைவு. குறைந்த விலை தந்தவரிடம் மற்றவரின் தாளைக் காட்டி ரேட்டைக் கேட்டிருக்கிறோம், நாளை பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாள் வந்ததும் அண்ணனிடம்தான் முதலில் போகும்.