தேயிலை மலையில் முயல் குட்டி: விட்டுவிடுவதா, ஒப்படைப்பதா, வளர்ப்பதா?

தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்துக் காலத்தில் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் அடிக்கடி நடப்பதுதான் இது. தேயிலைச் செடியின் தூரில் உள்ளங்கை அளவில் ஒரு முயல் குட்டி குந்தியிருக்கும். ஆள் கிட்டப் போனாலும் அசையாது. தாயைச் சுற்றுவட்டாரத்தில் காணமுடியாது. பாவமாக இருக்கிறதே என்று யாராவது தூக்கிக் கூடையில் போட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பால்மா கரைத்துப் புகட்டுவார்கள். இரண்டு மூன்று நாளில் குட்டி வயிறு ஊதிச் செத்துப்போகும். அன்போடு செய்த காரியம் இப்படி முடிவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் கையில் குட்டி கிடைத்தவருக்கு முன்னால் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். நம் தேயிலை மலைகளிலும் பத்தனைப் புல்வெளிகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் ஓடுவது பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள காட்டு முயல். விலங்கியலில் லெபஸ் நிக்ரிகோலிஸ் என்பார்கள். கூட்டில் வளர்க்கும் வெள்ளை முயலின் பூர்வீகம் ஐரோப்பா, இனமே வேறு. வெள்ளை முயலின் குட்டி ரோமம் இல்லாமல், கண் திறக்காமல், தாய் அமைத்த கூட்டில் பிறக்கும். காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வெறும் தரையில் பிறக்கும். இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை கூட்டில் பிறக்கும் முயல்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் குட்டிக்குத் தேவையில்லாத சூடும் தேவைக்கு மேல் பாலும் போய்ச் சேரும்.

இருந்த இடத்திலேயே விடுவது

என் பார்வையில் இதுதான் முதல் வழி. மற்ற எல்லாம் இது சரிவராதபோதுதான்.

தாய் பகலில் குட்டியின் அருகில் இருக்காது. இருந்தால் அதன் வாடையே நாயையும் நரியையும் கீரியையும் கூட்டிவரும். குட்டிக்கு வாடை குறைவு. அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. ஐரோப்பியக் காட்டு முயலில் இது நன்றாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது: தாய் நாளுக்கு ஒரு தடவை, பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் வரும். வெவ்வேறு இடங்களில் ஒளிந்திருந்த குட்டிகள் பிறந்த இடத்தில் கூடும். சில நிமிடங்கள் பால் குடித்துவிட்டு மறுபடி பிரிந்துபோகும். நம் முயலும் அதே பேரினம். ஆகவே காலையிலோ மத்தியானத்திலோ தனியாகக் கிடைக்கும் குட்டி, அநேகமாக இரவில் குடித்த பாலோடு நிம்மதியாகப் படுத்திருக்கும் குட்டிதான்.

"மனுச வாடை பட்டா தாய் சேர்க்காதுங்க" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை நம்பியே பலர் குட்டியைத் திருப்பிக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். ஒரு தடவை கை பட்டதற்காகத் தாய் குட்டியை ஒதுக்கிவிடாது. எடுத்தது எடுத்ததாக இருக்கட்டும், அன்றைக்கே பொழுது சாய்வதற்கு முன் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். குட்டி தெம்பாக இருந்தால் ஓர் இரவு தவறிப்போன பிறகும் மறுநாள் மாலை கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம்.

கவ்வாத்து மலையில் ஒரு சிக்கல் உண்டு. செடியெல்லாம் வெட்டி மொட்டையாக நிற்கும்போது குட்டிக்கு மறைப்பு இல்லை. காகமும் பருந்தும் மேலிருந்து பார்க்கும். அப்போது சில அடி தள்ளி, வெட்டாத நிரையின் தூரிலோ குவித்திருக்கும் மிலாறுக்கு (வெட்டிப்போட்ட கிளைகளுக்கு) அடியிலோ வைக்கலாம். தூரமாகக் கொண்டுபோனால் தாய் தேடிவரும் இடமே மாறிவிடும். மிலாறு பொறுக்க வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாய்களை அன்று சாயங்காலம் கட்டிப்போடச் சொல்லுங்கள். இங்கே சூரியன் மறைவது வருஷம் முழுக்க 6 மணியை ஒட்டித்தான். அதற்குப் பிறகு யாரும் டோர்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கக் கூடாது, நின்றால் தாய் வராது. காலையில் போய்ப் பாருங்கள். வயிறு உருண்டு மெத்தென்று இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. ஒட்டிப்போய்த் தோல் சுருங்கியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

உண்மையிலேயே தாயற்றது எது? தாய் செத்துக்கிடந்ததை யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது குட்டியின் உடம்பு சில்லிட்டிருக்கும், எறும்பு மொய்க்கும், ஈ முட்டையிட்டிருக்கும், காயம் இருக்கும், கழுத்துத் தோலை இலேசாகக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் தூக்கி நிற்கும். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் அது அனாதை என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம்.

தெரிந்தவர் கையில் கொடுப்பது

தாயற்றதுதான் என்று உறுதியானால் அடுத்தது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அவசர அழைப்பு இலக்கம் 1992. காட்டு விலங்குகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே வீட்டில் வளர்க்கத்தான் போகிறேன் என்றாலும் முதலில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். மத்திய மலைநாட்டில் அடிபட்ட காட்டு விலங்குகளுக்குத் திணைக்களத்தின் ரந்தெனிகல சிகிச்சை நிலையம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திலும் ஆஸ்பத்திரி உண்டு.

வீட்டு வளர்ப்போடு ஒப்பிட்டால் இங்கே அறிவும் மருந்தும் கூடுதல். குறை, தூரம். அட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ வளைவுப் பாதையில் பஸ்ஸில் மணிக்கணக்காகப் போவது இந்த விலங்குக்குப் பெரிய சித்திரவதை. காட்டு முயல் வெளிக்காயமே இல்லாமல் பயத்தினாலேயே செத்துப்போகக்கூடியது. நல்ல தெம்பான குட்டிக்கு அந்தப் பயணம் தேவையா என்று அழைப்பை எடுக்கிற அலுவலரிடமே கேளுங்கள்.

நாய் பூனை கடித்த குட்டிக்கு மட்டும் இந்தக் கேள்வி கிடையாது. பூனையின் பல் பட்ட இடம் வெளியே ஊசிக்குத்துப் போலத் தெரியும், உள்ளே கிருமி பரவியிருக்கும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பக்கத்து அரச மிருக வைத்திய நிலையத்தில் மாட்டு வைத்தியம்தான் அதிகம் என்றாலும் முதலுதவிக்கு அங்கே போகலாம். வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலினைக் கரைத்து வாயில் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மருந்து, வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று முயலையும் கொன்றுவிடும்.

வீட்டு முயலோடு சேர்த்துவிடுவது

லயத்தில் யாராவது வெள்ளை முயல் வைத்திருந்தால் "அதோட குட்டிகளோட விட்டுடுங்க" என்பார்கள். கேட்க எளிது, ஆனால் வேண்டாம். இரண்டும் நிறப்புரி (குரோமோசோம்) எண்ணிக்கையிலேயே வேறுபட்டவை: வெள்ளை முயலுக்கு 44, காட்டு முயலுக்கு 48. வாடை வேறான குட்டியை வீட்டு முயல் கடித்துவிடலாம். கூட்டுக்குள் அடைபட்ட காட்டுக் குட்டி மிரண்டு கம்பியில் மோதும். ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும்.

வீட்டில் கையால் வளர்ப்பது

வேறு வழியில்லாதபோது செய்வது இது. செய்வதென்றால் ஒரே ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பிள்ளைகள் கொஞ்சக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நாய் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. காட்டு முயல் பழகும் விலங்கு இல்லை. மடியில் அமைதியாகக் கிடப்பது போலத் தெரிந்தாலும் அது பயத்தில் உறைந்துபோயிருப்பதுதான்.

சூட்டுக்கு மூன்று பழக்கங்கள் உண்டு: அடுப்படி, பல்ப், சுடுநீர்ப் போத்தல். அடுப்படியில் புகையும் ஆள் நடமாட்டமும். பல்ப் வெளிச்சத்தில் குட்டிக்கு ஒளிந்திருக்கும் உணர்வே வராது. சுடுநீரைப் போத்தலில் நிரப்பித் துணி சுற்றி, மூடியுள்ள அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைப்பதுதான் நல்லது. சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும். அப்போது நடு இரவில் போத்தலை மாற்ற வேண்டியிருக்கும். பண்டாரவளைப் பக்கம் பழைய சுவெட்டர் ஒன்றே பல நாளைக்குப் போதும்.

சில்லிட்ட குட்டிக்கு எதையும் புகட்டக் கூடாது. முதலில் உடம்பு சூடேற வேண்டும். அப்புறம் முதல் வாய், கழிச்சலுக்குக் கொடுக்கும் ஜீவனி கரைசலாக இருக்கட்டும், பால் அதற்குப் பிறகுதான்.

பால் விஷயத்தில்தான் அதிகக் குட்டிகள் சாகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டு முயலின் பாலில் கொழுப்பு சுமார் 12 முதல் 13 சதவீதம், புரதமும் ஏறக்குறைய அவ்வளவு. லாக்டோஸ் என்கிற பால்சர்க்கரை 2 சதவீதத்துக்கும் குறைவு. காட்டு முயலின் பாலில் கொழுப்பு அதைவிடவும் கூடுதல். நாளுக்கு ஒரு தடவை குடித்துத் தாக்குப்பிடிக்க அதனால்தான் முடிகிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி, புரதம் 3 சொச்சம், லாக்டோஸ் 5 சதவீதத்தை ஒட்டி. அதாவது குட்டிக்குத் தேவையானது குறைவாகவும், செரிக்காதது கூடுதலாகவும் இருக்கிறது. பால்மாவும் இதேதான். சத்துக்காகக் கெட்டியாகக் கரைத்தால் லாக்டோஸும் சேர்ந்து கூடிவிடும், கழிச்சல் வரும். சீனி போடவே கூடாது. கைக்குழந்தைக்கான மா விலை கூடியது, ஆகவே நல்லது என்று நினைக்கிறார்கள். முயலுக்கு அதுதான் எல்லாவற்றிலும் மோசம். தாய்ப்பாலைப் போலச் செய்யப்படுவதால் கரைத்த பின் அதில் லாக்டோஸ் 7 சதவீதம் வரை, புரதம் 2 சதவீதம்கூட இருக்காது.

ஆட்டுப்பால் எப்படி? சத்தளவில் பசும்பாலுக்கு ரொம்பத் தூரமில்லை, ஆனால் கொழுப்புத் துணிக்கைகள் சிறியவை, குட்டிகளுக்குக் கொஞ்சம் இலகுவாகச் செரிக்கும். தோட்டத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் இருப்பதால் அவசரத்துக்குக் கிடைக்கும். இருப்பதில் பொருத்தமானது பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மா. கொழுப்பும் புரதமும் தூக்கலாக இருக்கும். கண்டி போன்ற நகரங்களில் செல்லப்பிராணிக் கடைகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். அது வந்துசேரும் வரை ஆட்டுப்பால், அதுவும் இல்லாத இரவில் ஜீவனி. என்னைக் கேட்டால் இதுதான் வரிசை.

புகட்டுவதற்குப் பால் போத்தலைவிட பார்மசியில் வாங்கும் ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் நல்லது. குட்டியை மல்லாத்திப் பிடிக்காதீர்கள். நான்கு காலும் துணிமேல் ஊன்றியபடி, தலை சற்று நிமிர்ந்திருக்க, உதட்டின் ஓரத்தில் துளித்துளியாக வையுங்கள், அது நக்கட்டும். அழுத்தி ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், பிறகு காப்பாற்றுவது கடினம். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். 100 கிராம் குட்டிக்கு 5 மில்லிலீற்றர். நம் பால் தாயின் பாலை விட நீர்த்தது என்பதால் நாளுக்கு இரண்டு மூன்று வேளை தேவைப்படும். அழுகிறதே என்று அடிக்கடி கொடுத்தால் வயிறு ஊதும். சின்னக் குட்டிக்குப் பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவ வேண்டும், சிறுநீர் அப்போதுதான் போகும்.

இரண்டாவது வாரத்திலிருந்து இளம் புல்லைப் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம், வேரும் மண்ணும் ஒட்டியபடியே. களைகொல்லி அடித்த மலையில் பிடுங்காதீர்கள். நம் பக்கத் தோட்டக் கழிவுகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: லீக்ஸ் இலையும் உருளைக்கிழங்கு இலையும் விஷம். கோவா வாயுவை உண்டாக்கும். கெரட் இனிப்பு, இந்த வயதில் வேண்டாம். புல்தான் சாப்பாடு.

புல் நன்றாகத் தின்னத் தொடங்கியதும் பாலைக் குறைத்து, ஒரு மாதத்தை ஒட்டி நிறுத்திவிடலாம். அதற்குள் பெட்டி போதாமல் போகும். கம்பிக்கூடு வேண்டாம், மேலே பாய்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். பக்கமெல்லாம் சாக்குத் துணி கட்டி, மேலே வலை போட்ட இடம் நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில், ஆளைக் கண்டதும் ஓடி ஒளிகிற நிலையில் இருந்தால், கண்டெடுத்த மலையின் பக்கத்திலேயே மழையில்லாத ஒரு மாலையில் விட்டுவிடுங்கள். லயத்திலிருந்து தள்ளி, புல் மண்டிய ஓரமாக, வலை கண்ணி வைக்காத இடமாக இருக்க வேண்டும். ஓடாமல் காலடியில் வந்து நிற்கிற குட்டியை விடுவதற்கு முன் 1992க்கு இன்னொரு தடவை அழைத்துக் கேளுங்கள்.