பாதி பழசு, பாதி புதுசு: மூன்று வருடம் ஓடிய என் கேமிங் பிசி

2017-இல் வாங்கிய கணினி. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 2400 வேகத்தில் ஒற்றை 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் பவர் சப்ளை. எழுத்து வேலைக்கும் படம் பார்க்கவும் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும். புதிய கேம்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் மாற்றக் கையில் பணம் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று 2023 தொடக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் எது சரி, எது தப்பு என்று சொல்ல இப்போது எனக்குக் கொஞ்சம் தகுதி வந்திருக்கிறது.

சரியாகப் போட்ட கணக்கு மதர்போர்டு. பிராசசர் மாட்டும் இடம் ஏஎம்4 சாக்கெட் என்பதால் அதே போர்டில் புதிய பிராசசர் ரைசன் 5 5600 உட்கார்ந்துகொண்டது. பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் ரைசன் 5000 ஆதரவை, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி 2022-இல்தான் திறந்துவிட்டது. அதற்கு முன்னால் யோசித்திருந்தால் போர்டையும் மாற்றியிருப்பேன். போர்டு மாறாததில் இன்னொரு லாபம், விண்டோஸ் லைசென்ஸுக்கும் சிக்கல் வரவில்லை.

ஆனால் வரிசை முக்கியம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதைப் போட்டுவிட்டு அப்டேட் செய்யலாம் என்று நினைத்தால் திரையே வராது. சில போர்டுகளில் பயாஸ் சிப்பில் இடம் போதாமல், புதியவற்றைச் சேர்க்கப் பழைய பிராசசர்களின் ஆதரவை எடுத்துவிடுகிறார்கள். அப்டேட்டுடன் வரும் குறிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

பயாஸ் வேலையை ஒழுங்காக முடித்த தெம்பில், பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தேன். பிராசசரும் கூடவே வந்துவிட்டது! இரண்டுக்கும் நடுவே பூசி, ஆறு வருடத்தில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. அதில் ஓரத்து வரிசையில் நாலைந்து சாய்ந்துவிட்டன. உள்ளே குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி நிமிர்த்த ஒரு மணி நேரம் ஆனது. அந்த 1600 இப்போது தம்பியின் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓடவிட்டு, பேஸ்ட் சூடாக இருக்கும்போதே கணினியை அணைத்து, ஹீட்சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு, ஒருவர் பயன்படுத்திய ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். முதல் தடவை ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே இருந்தது. அரை மணி நேரம் பதறிய பிறகுதான் மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகியிருந்தது தெரிந்தது. 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடக்கும்.

இந்தக் கார்டு, மதர்போர்டோடு தன்னை இணைக்கும் பிசிஐஇ பாதையில் 16-க்குப் பதில் 8 லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்தும். என் போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ, ஆகவே வினாடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போய்வர முடியும். இதை நினைத்து வாங்கும் முன் நிறையக் கவலைப்பட்டேன். அனுபவத்தில், கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியாத வரை வித்தியாசம் தெரியவில்லை. நிரம்பினால் படம் வெட்டி வெட்டி ஓடும். கேம் அமைப்பில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். சைபர்பங்க் 2077, ஒளியை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங்கை அணைத்துவிட்டு, 1080பி-இல் வினாடிக்கு 60 ஃபிரேமை ஒட்டி ஓடுகிறது. எனக்கு அது போதும்.

ரேமில் கஞ்சத்தனம் பார்த்தேன். பழைய 8 ஜிபியோடு 3200 வேகத்தில் புதிதாக ஒரு 8 ஜிபி சேர்த்தேன். இரண்டும் 2400-இல்தான் ஓடின. வண்டியில் பூட்டிய மாடுகளில் மெதுவாக நடப்பதன் வேகம்தானே வண்டிக்கு. ரைசனுக்குள் அதன் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமும் ரேமைச் சார்ந்தது என்பதால் இழப்பு இரட்டிப்பு. இருந்தாலும் ஒற்றை ரேமிலிருந்து, இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரட்டைச் சானலுக்கு வந்ததே பெரிய மாற்றம். சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) பெரிதாக ஏறவில்லை, ஆனால் கூட்டமான காட்சிகளில் வந்த திடீர் திணறல் போய்விட்டது. எட்டு மாதம் கழித்து அதே மாதிரி 3200 ரேம் இன்னொன்று வாங்கிப் பழையதன் இடத்தில் போட்டு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் பயாஸில் ஆன் செய்தேன். ஆன் செய்யாவிட்டால் 3200 என்பது பெட்டியில் அச்சடித்த எண் மட்டுமே.

இனி என் பெரிய தப்பு. பவர் சப்ளை. தாளில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. பிராசசர், கார்டு, மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டாது, கையில் 450 இருக்கிறது. நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் கேம் நடுவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி அணைந்து மறுபடி எழுந்தது. வாரத்துக்கு ஒரு முறை, பிறகு தினமும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று மட்டும் இருக்கும். மின்சாரம் திடீரென்று போனது என்பதைத் தவிர அதில் ஒன்றும் தெரியாது.

செகண்ட் ஹேண்ட் கார்டின் மேல்தான் முதல் சந்தேகம். டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாகப் போட்டேன். பேஸ்டை மாற்றினேன். ரேமை மாற்றி மாற்றிச் செருகினேன். கார்டின் மின் வரம்பைக் குறைத்தபோது மட்டும் இரண்டு நாள் அணையாமல் ஓடியது. அங்கேயே புரிந்திருக்க வேண்டும், எனக்கு ஒரு மாதம் ஆனது. நண்பனின் பவர் சப்ளையைச் சனி, ஞாயிறு இரண்டு நாள் கடன் வாங்கி மாட்டியதும் நோய் பறந்துவிட்டது. கார்டு சராசரியாக 132 வாட் இழுத்தாலும், கண நேரத்தில் அதைவிட எகிறும். பவர் சப்ளைக்குள் சூட்டில் பல வருடம் கிடந்த கெபாசிட்டர்கள் அந்த எகிறலைத் தாங்கவில்லை. லேபிளில் உள்ள வாட்டைப் பார்த்தேனே தவிர வயதைப் பார்க்கவில்லை. புதிதாக 550 வாட் போட்ட பிறகு இன்றுவரை ஒரு தடவைகூட அணையவில்லை.

ஹார்ட் டிஸ்க் அந்த அளவுக்குப் படுத்தவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலில் ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் மாற்றிய பகுதிகள்) எண்ணிக்கை ஏற ஆரம்பித்ததும் ஓய்வு கொடுத்துவிட்டேன். அதன் இடத்தில் 1 டிபி என்விஎம்இ, சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்ததற்கு லோடிங் நேரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பழைய சாட்டா எஸ்எஸ்டியோடு ஒப்பிட்டால், பெரும்பாலான கேம்களில் கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய எஸ்எஸ்டியால் வேறொரு கூத்து. கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் எட்ட உதவும் ரீசைசபிள் பார் வசதிக்காகப் பயாஸில், பழைய முறையில் தொடங்க உதவும் சிஎஸ்எம்மை அணைத்தேன். விண்டோஸ் எழவே இல்லை. அது எம்பிஆர் என்ற பழைய வட்டு அமைப்பில் நிறுவியது, சிஎஸ்எம் இல்லாமல் எழாது. திரும்ப சிஎஸ்எம்மை ஆன் செய்து, முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்ற விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை ஓடவிட்டேன். நிமிடங்களில் முடிந்தது, எதுவும் அழியவில்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்று, 11-க்கு மாறியபோது இந்த வேலையின் அருமை தெரிந்தது. 5600 விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது, 1600 இல்லை. பயாஸில், பிராசசரோடு வரும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம்மை ஆன் செய்ததும் அப்டேட் மறுப்பு சொல்லாமல் ஏறியது.

கேபினட் மட்டும் அதே பழசு. முன்பக்க யுஎஸ்பி ஒன்று செத்துவிட்டது, முன்னால் ஒரு ஃபேன் சேர்த்திருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுகிறேன். 5700எக்ஸ்3டி பிராசசரைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. அதையும் இதே போர்டில் போடலாம். ஆனால் மேசையில் இருப்பது இன்னும் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான். கவுண்டர் ஸ்டிரைக் 2-இல் கார்டு நூற்றைம்பது ஃபிரேம் தள்ளினாலும் அது காட்டுவது 60 தான். முதலில் அதை மாற்ற வேண்டும்.